வென்றிருக்க வேண்டிய ஆட்டம்

– வெண்டுகொண்டிருந்த ஆட்டத்தை ஏன் விட்டனீ எண்டுதான் கேக்கிறன், றெபேக்கா. வேற ஒண்டும் கேக்கேல்லை.

– அப்பா, இப்பதான் பிளேனால இறங்கினனான். நாளைக்கு அம்மாவின்ர ஆத்துமாவுக்குப் பூசை. காருக்குள்ள வைச்சு உதோ கதை?

– உதுதான் கதை. இஞ்ச அஜின்கோர்ட் மோலில சின்னனில உன்னோட கோ எண்ட கல்லாட்டம் விளையாடின சீனாக்காரர் லாவ், கொம்பியூற்றரில பாத்துக்கொண்டிருந்தவர். வெள்ளைக் கல்லுக்கு இனித் தப்ப வழியில்லை, கறுப்பு உன்ர, உனக்குத்தான் வெற்றி எண்டார். பாத்தால், நீ தோத்துப்போனன் எண்டு ரெண்டு கல்லைப் பலகையில வைச்சிட்டு எழும்பி ஓடுறியாம்!

– ஓம். ஓடினனான்.

– விசரே உனக்கு? பதின்மூண்டு வயசில கோ படிக்கவெண்டு சியோலுக்குப் போனனீ. பாசை தெரியாது, சாப்பாடு இறங்கேல்லை, போனில ஒரே அழுகை. அப்பிடிக் கிடந்து புரோ ஆட்டக்காரியா வந்து, செமி பைனல் வரைக்கும் ஏறின பிள்ளை! கொம்மா கோயில் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவ.

– இனி விளையாடமாட்டன். அங்க சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்.

– என்ன?

– ஏலாது அப்பா. பலகையில கல்லு வைக்கிற சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு எழும்பிடுறன்.

– கொம்மா செத்தது உனக்கு மட்டுமே? தன்ர தம்பி அலெக்ஸாண்டரின்ர கலியாணத்துக்கெண்டு வன்னிக்குப் போனவ. சண்டை இறுகி, பாதையைப் பூட்டினாங்கள். பங்கர் பங்கரா ஓடி, கடைசியில முள்ளிவாய்க்கால் மண்ணுக்குள்ள. திங்கக்கிழமை காலமை செல் குண்டு விழுந்தது எண்டு அலெக்ஸாண்டர் முகாமில இருந்து சொன்னவன். நீ ஆட்டத்தை விட்டதும் அதே திங்கள். ஆனா அங்க நடந்தது ஒண்டும் அப்ப உனக்குத் தெரியாது. பிறகென்ன சாட்டு?

– தெரியாதெண்டு ஆர் சொன்னது?

– என்ன சொல்லுறாய்?

– போன் வந்தது.

– ஆட்டத்துக்குள்ள போன் கொண்டு போகக்கூடாதெல்லோ?

– ஓம். நான் ஜீன்ஸ் பொக்கற்றுக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தனான். அது அதிரேக்க நம்பரைப் பாத்தன். சற்றலைற் போன், வன்னியில இருந்துதான். எடுத்தால் தோல்வி, அதுதான் சட்டம். யோசிக்கேல்லை. கல்லை வைச்சு, தலையைக் குனிஞ்சிட்டு வெளியில ஓடினன்.

– அம்மாவோ? கதைச்சவவோ?

– கொஞ்ச நேரம். ஒரே வெடிச் சத்தம். விளையாட்டு முடிஞ்சுதோ, வெண்டிட்டியோ எண்டு கேட்டா. ஓம் அம்மா, வெண்டிட்டன் எண்டன்.

– என்ர ஆண்டவரே.

– சிரிச்சவ அப்பா. வடிவாக் கேட்டது. பிறகு லைன் இல்லை.

– பொறு. பொறு, காரை ஓரமா விடுறன்... இவ்வளவு நாளும் ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?

– சொல்லி என்ன?

– என்னவோ? அந்த நேரம் இஞ்ச ஞாயிறு இரவு. நான் கார்டினர் ஹைவேயில நிண்டனான். சண்டையை நிப்பாட்டச் சொல்லி றோட்டை மறிச்சு அவ்வளவு சனம், வேற ஒண்டும் காதில விழாத மேளச் சத்தம். அவவின்ர படத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, காப்பாத்துங்கோ எண்டு தொண்டை கிழியக் கத்தினனான். ஆனா ஒண்டு எனக்கு விளங்கேல்லை. நீ விளையாடுற நேரம் கொம்மா கிளடிஸுக்கு நல்லாத் தெரியும். உன்னைக் குழப்பவே மாட்டா. எடுக்கிறதெண்டால் எனக்கெல்லோ எடுத்திருக்கோணும்?

– அதை விடுங்கோ அப்பா. பிளீஸ்.

– விடேலாது. அவ என்ர மனுசி. சொல்லு பாப்பம், ஏன் எனக்கு எடுக்கேல்லை?

– உங்களுக்குத்தான் முதல் எடுத்தவ. மணி அடிச்சுக்கொண்டே இருக்கு, அப்பா எடுக்கிறாரில்லை எண்டு சொன்னவ.