நாற்பத்தெட்டு மணித்தியாலம்

— கை தூக்கவே முடியலன்னு போன்ல அழுதியே அக்கா… இப்ப அந்தக் கையாலதான் வடை தட்டுறியா?

— இது வலது கை. வலிச்சது இடது கை.

— விடியக் காலையில பஸ் ஏறி, இரத்தினபுரில மாறி, கலவானையில இருந்து திரீவீல் புடிச்சு வந்திருக்கேன். அந்த இடது கையக் காட்டு.

— வந்ததும் வராததுமா டொக்டர் மாதிரி பேசாத, கோகிலா.

— நான் டொக்டர்தானே.

— ஊசி போடத் தெரியாத, கம்பஸ்ல படிச்சு வாங்குன டொக்டர். உக்காரு, சாப்பிடு.

— சாப்பிட்டுட்டு பின்னேர பஸ்ஸுக்கு ஓடணும். யாரோ எழுதுன கட்டுரை மூணு இருக்கு, சரி பிழை பாத்துக் குடுக்க.

— அதுக்கு என்ன தாறாங்க?

— ஒன்னும் தாறதில்ல.

— அனே… ஒரு ப்ளேன்டீ கூடவா?

— நன்றின்னு ஒரு ஈமெயில் வரும் அக்கா. அதையும் மெசினே அனுப்பும்.

— சரி, அது மத்தவங்க எழுதுனது. நீ எழுதுனது என்னாச்சு? மூணு வருசத்துக்கு முந்தி தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல குந்திக்கிட்டு, எங்க அறுபத்திரண்டு பேருகிட்டயும் கை வலியப் பத்தி நோண்டி நோண்டிக் கேட்டியே… அது புத்தகத்துல வந்திருச்சாமே?

— உனக்கு யாரு சொன்னா?

— கொமினிகேசன் கடை நஜீப் நானா. நெட்டுல உன் பேரத் தட்டுனாரு, வந்திச்சு. பேருக்குக் கீழ ஒரு பூட்டுப் படம். பூட்டுக்குக் கீழ முப்பத்தொம்பது டொலர்.

— அது திறந்து வாசிக்கிறதுக்கு வெல.

— அந்த முப்பத்தொம்பதுல உனக்கு எவ்வளவு?

— ஒரு சதமும் இல்லக்கா.

— வெளையாடாத. எழுதுனது நீ.

— எழுதுனது நான். சரி பிழை பாத்தது மூணு ப்ரொபசர்மாரு. அவங்களுக்கும் ஒரு சதமில்ல.

— அப்ப காசு?

— கம்பெனிக்கு.

— கம்பெனி என்னதான் செய்யிது?

— பக்கத்த அடுக்குது… நெட்டுல போடுது… பூட்டுது.

— எங்க கணக்கப்பிள்ளை கூட கூடைக்கு ரெண்டு கிலோதான் கழிக்கிறாரு. இவங்க கூடையோட தூக்கிட்டுப் போறாங்களா?

— சிரி, நல்லா சிரி. எங்க கம்பஸ் வருசா வருசம் காசு கட்டினாத்தான் அது திறக்கும் அக்கா. இந்த வருசம் கட்டல. என் கட்டுரைய என் மேசையில இருந்து நானே திறக்க முடியாது.

— திறந்தே வைங்கன்னு சொல்லிப் பாரேன்.

— சொல்லலாம். அதுக்கு ரெண்டாயிரம் டொலர் கட்டணும்.

— அவங்க உனக்கா?

— நான் அவங்களுக்கு.

— ஐயோ… இரு, இரு, சிரிச்சு முடிச்சிர்றேன்… படிச்சவங்கன்னு உங்களப் பாத்தா நாங்க பயந்துக்கிட்டுல்ல இருந்தோம்.

— எழுதலன்னா வேலையில மேல போக முடியாதுக்கா.

— சரி, யூனியன் தலைவியா ஒன்னு சொல்றேன். நீங்க எல்லாரும் ஒரு கிழமைக்கு காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகாம நில்லுங்க. தானா இறங்கி வருவான்.

— எங்களுக்குப் பெரட்டுக் களமே கிடையாதே. ஒருத்தரு ஜப்பான்ல, ஒருத்தரு கென்யாவுல. யாரு எழுதுனத யாரு பாக்கிறாங்கன்னு பேரக்கூட சொல்ல மாட்டாங்க.

— அதான் கம்பெனிக்காரன் நிம்மதியா தூங்குறான்.

— உங்களுக்கு அது வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே அக்கா. எழுதுனவங்க சும்மாவே குடுக்கலாம். ஒரு மெசேஜ் போட்டா போதும்.

— சும்மாவா?

— சும்மா… அக்கா, வடை கருகுது.

— கருகட்டும். இத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன, எரும?

— இப்ப என்ன கெட்டுப் போச்சு? யாரும் காசு கட்டலையே.

— தள்ளு, சட்டிய இறக்கணும்.

— அக்கா… இங்க பாரு. கட்டிட்டீங்களா?

— உனக்கு வரும்னு நெனச்சோம்டி. ஆளுக்கு இருநூறு ரூவா. பென்சன்ல போன ரெண்டு பேரும் தேடி வந்து குடுத்தாங்க. நம்ம புள்ள எழுதுனது, காசு நம்ம புள்ளைக்கே போகட்டும்னாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு நானா அவரு கார்டுல கட்டினாரு.

— கடவுளே… அறுபத்திரண்டு பேருமா?

— அழாத. இல்ல, சிரிக்கிறியா? என்னமோ செய், கேளு. பூட்டுத் திறந்திச்சு. முழுக்க இங்கிலீசு. நானா மக ஹப்ஸாதான் ரெண்டு வரி வாசிச்சுச் சொன்னா. பேருக்குப் பதிலா நம்பராமே? நாங்க ரெண்டு வெரல்ல கொழுந்து கிள்ளுறோம், தோட்டத்துத் தொரையோட பொஞ்சாதியும் ரெண்டு வெரல்லதான் கோப்பையப் புடிக்கிறா, அவ வெரலு வலிக்கலையேன்னு இருபத்திமூணாம் நம்பர் சொல்லியிருக்கா. அது நான்தான் நான்தான்னு ஆறு பேரு சண்டை.

— பேரு போட்டா தொரைமாரு யாருன்னு கண்டுபிடிச்சிருவாங்கக்கா, அதுக்குத்தான் நம்பரு.

— அது எனக்குத் தெரியாதா? சண்டை போட்டதுல நானும் ஒருத்தி. மிச்சத்த பிரின்ட் அடிச்சுக் குடுங்கன்னு கேட்டோம், அது அடிக்க விடல. நாற்பத்தெட்டு மணித்தியாலம் பாக்கலாமாம், அப்புறம் தானாவே பூட்டிக்குமாம். இன்னைக்கு அஞ்சு மணியோட சரி. அதான் கை வலின்னு பொய் சொன்னேன்.

— உண்மையச் சொன்னா வரமாட்டேனா?

— எப்பக் கூப்பிட்டாலும் வேலை இருக்கு, வேலை இருக்குன்னுவ. இப்ப மணி மூணு. அத்தன பேரும் புள்ளைகளப் பாத்துக்கிற பிள்ளைக் காம்பராவுல குந்தியிருக்காங்க, நானா கொம்பியூட்டரோட வந்துட்டாரு. எழும்பு பாப்பா, பூட்டுறதுக்கு முந்தி எங்களப் பத்தி என்ன எழுதியிருக்கேன்னு தமிழ்ல சொல்லு.

— பூட்டினா பூட்டட்டும் அக்கா. நீ கூப்பிடாட்டியும் இந்த ஞாயித்துக்கிழமை வாறதாத்தான் இருந்தேன். மூணு வருசமா வெறுங்கையோட வந்து அவங்க மொகத்தப் பாக்க வெக்கமா இருந்திச்சு. பஸ்ஸுக்கு ஓடணும்னு நானும் பொய்தான் சொன்னேன், அந்த மூணு கட்டுரையையும் பாக்க முடியாதுன்னு போன மாசமே எழுதிப் போட்டுட்டேன். அந்த நேரத்துல நம்ம கட்டுரையத் தமிழ்ல எழுதி முடிச்சேன். பேக்குக்குள்ள அறுபத்திரண்டு பிரதி இருக்கு, பெரிய எழுத்துல. போய் எல்லாருக்கும் ஒவ்வொன்னு குடு, வீட்டுக்குக் கொண்டு போகட்டும். அது எந்த மணிக்கும் மூடாது.