குத்தூசி போன ஆழம்

—ஏங்க, டாக்டர் உக்காரச் சொல்றாரு. நீங்க இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடந்தா அவரு எப்படிப் பேசுவாரு?

—உக்கார முடிஞ்சா நான் எதுக்கு நடக்குறேன் சுப்பம்மா? அருப்புக்கோட்டையிலருந்து மதுரை வரைக்கும் பஸ்ஸுல நின்னே வந்தவன். பிட்டத்துல பிடிச்ச வலி குதிகால் வரைக்கும் மொளகாய அரைச்சு அப்புன மாதிரி எரியுது. படுத்தா இன்னும் எரியுது.

—நின்னுக்கிட்டே சொல்லுங்க ஐயாத்துரை. நாலு மாசமா என்ன வைத்தியம் பார்த்தீங்க?

—முதுகெலும்பு விலகியிருக்குன்னாங்க டாக்டர். பலகையில படுக்கச் சொன்னாங்க, படுத்தேன். அப்புறம் பிட்டத்துல வீக்கம் தெரிஞ்சுச்சு. சீழ்க்கட்டி, கீறிவிட்டாச் சரியாப் போகும்னு ஊருல ஒருத்தர் கத்தியைக் கொதிக்க வச்சுட்டாரு. இவதான் விடமாட்டேன்னுட்டா.

—எண்ணெய் தேய்க்கும்போது கையில துடிச்சுச்சுங்க. கட்டி துடிக்குமா? இன்னொரு கையை இவுக நெஞ்சுல வச்சுப் பார்த்தேன். ரெண்டும் சேந்தாப்புல துடிக்குது. மறுநாள் காலையிலயே பஸ்ஸு ஏத்திட்டேன்.

—உங்க கைதாம்மா இவரைக் காப்பாத்தியிருக்கு. அது சீழ் இல்லை, ரத்தம். உள்ளே ரத்தக்குழாய் ஓட்டையாகி, பை மாதிரி வீங்கி, காலுக்குப் போற நரம்பை அமுக்குது. கீறியிருந்தா ரத்தம் நின்னிருக்காது. கூர்மையா ஏதோ உள்ளே போயிருக்கணும். என்ன அது?

—முள்ளு டாக்டர். தோட்டத்துல விழுந்துட்டேன்.

—முள் அவ்வளவு ஆழம் போகாது. தழும்பு உளுந்து அளவுதான் இருக்கு. முனை ஒடிஞ்சு உள்ளே நிக்குதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.

—சுப்பம்மா, வெளிய போயி ஒரு சோடா வாங்கிட்டு வா.

—நான் போகலை. நீங்க சொல்லுங்க.

—குத்தூசி டாக்டர். நம்ம வத்தல் மண்டியில மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுப்போமே, அது. ஒடியலை. முழுசா வெளிய வந்துருச்சு. ஒருத்தன் கை தவறிப் பட்டுருச்சு.

—யாரு கைங்க?

—உன் தம்பி கை. சங்கரபாண்டியன். பழைய மொளகா வத்தலைப் புது மூட்டையில கலந்துட்டான். லோடு ஏத்துறவுக அத்தனை பேரும் பாக்க நான் அவனை அறைஞ்சுட்டேன். திரும்பி நடந்தேன், பின்னாலருந்து குத்திட்டான். முதல்ல கை நீட்டுனது நான்தானே. தாய் தகப்பன் இல்லாம நீ தூக்கி வளத்தவன். தெரிஞ்சா நீ அவன் முகத்துலயே முழிக்க மாட்டியேன்னுதான் முள்ளுன்னு சொன்னேன். அன்னையிலருந்து அவன் எங்க இருக்கான்னும் தெரியலை.

—அது உங்க குடும்ப விஷயம். நான் ஆபரேஷனைச் சொல்றேன். வயித்து வழியாப் போயி மேலே அந்தக் குழாயைக் கட்டிட்டுத்தான் பையைத் தொடணும். ரத்தம் நிறைய வேணும். சொந்தக்காரங்க யாராவது குடுத்தா நாளைக்கே செஞ்சிடலாம்.

—ரத்தம்னாலே எங்க ஊருல ஒருத்தனும் வரமாட்டான் டாக்டர். யாரைக் கூப்பிடுறது?

—யாரையும் கூப்பிட வேண்டாங்க. கட்டியைக் கீறப் போறாங்கன்னு கேள்விப்பட்டு நேத்து ராத்திரியே தம்பி உங்களுக்குத் தெரியாம நம்ம வீட்டுக்கு ஓடி வந்து எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். நீங்க உங்க வாயால சொல்லணும்னுதான் இம்புட்டு நேரமும் பேசாம இருந்தேன். என் ரத்தம் அத்தானுக்குச் சேருமான்னு டாக்டர்கிட்டக் கேளுக்கான்னுட்டு, கதவுக்கு அந்தாண்டதான் நிக்கான்.