பார்க்க வந்தவருக்குத் தண்ணீர்

சரி, தண்ணிக் கணக்கை இதோட நிறுத்திக்கிறேன். எத்தனை அடி, எத்தனை கன அடின்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன், நீங்களும் கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கீங்க. ஒரு சின்னக் கதை இருக்கு, அதைக் கேளுங்க.

ஒரு மலை. எந்த மலைன்னு கேட்காதீங்க, கேஸ் போடுவாங்க. அந்த மலையில ஒரு ஆறு. அது பாறையில அருவியா விழுந்து, கீழே மூங்கில்பதிங்கிற ஊர் வழியாப் போய்க்கிட்டிருந்தது. ஆத்துக்குக் குறுக்கே அணை கட்டினாங்க. மலையைக் குடைஞ்சு சுரங்கம் போட்டு, தண்ணியை மலைக்கு அந்தப் பக்கம் திருப்பினாங்க. அருவி இருந்த இடத்துல என்ன மிச்சம்? பாறை மிச்சம். 'அருவிக்குச் செல்லும் வழி'ன்னு ஒரு போர்டு மிச்சம்.

ஒரு கோடையில மூங்கில்பதியில அவரை பூத்து நிக்குது. ஒரே ஒரு தண்ணி பாய்ஞ்சாப் போதும், காய் பிடிச்சிடும். பாயலைன்னா, பூவோட கருகிடும். ஊரே திரண்டு அணைக்குப் போய்க் கேட்டாங்க. அங்கே இருந்த இளம் இன்ஜினியர் ரொம்ப மரியாதையானவர். உட்கார வெச்சு, டீ கொடுத்து, சொட்டுத் தண்ணிகூட இல்லைன்னு சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயித்துக்கிழமை... அருவி கொட்டுது.

எப்படிக் கொட்டுது? அணைக்குப் பக்கத்துல இருக்கிற பயணியர் மாளிகைக்கு யாரோ பெரிய மனுஷர் குடும்பத்தோட வந்திருக்கார். அருவி எங்கேன்னு கேட்டிருக்கார். உடனே பழைய ஆத்து மதகைத் திறந்துட்டாங்க. அவர் பார்த்தார், போட்டோ எடுத்தார், காரில் ஏறினார். மதகு மூடியாச்சு.

ஊர்ல தெய்வாத்தாள்னு ஒரு அம்மா. புருஷன் இல்லை, அரை ஏக்கர் அவரை வயல்தான் வாழ்க்கை. அதுவும் எல்லாருக்கும் கடைசியாத் தண்ணி பாயுற காடு. அந்தம்மா சொன்னாங்க: "குடுங்கன்னு கேட்டா இல்லைங்கறாங்க. பாக்கோணும்னு கேட்டாத் தொறக்கறாங்க. அப்ப நாம கேக்க வேண்டாம். பாக்கலாம்."

யாரு போய்ப் பார்க்கிறது? அவங்க அண்ணன் சென்னியப்பன் நல்ல உயரம், நல்ல மீசை, போதுமான தொப்பை. வெள்ளை வேட்டி சட்டை மாட்டி, கருப்புக் கண்ணாடி போட்டு, வாடகைக் காரில் ஏத்தி அனுப்பினாங்க. பேச வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுன்னு சொல்லி அனுப்பினாங்க.

கார் பெருசா இருந்தா நம்ம நாட்டுல கேள்வி சின்னதாயிடும், இல்லையா? கேட்டைத் திறந்தாங்க, சல்யூட் அடிச்சாங்க. இன்ஜினியர் ஓடி வந்து, "ஐயா... மேலிடத்துல இருந்துங்களா?"ன்னு பயந்து பயந்து கேட்டார். சென்னியப்பன் பதிலே சொல்லலை. பதிலே சொல்லாதவன் எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்? மதகு திறந்தது.

கீழே ஊரே மண்வெட்டியோட நிக்குது. காடு காடாத் தண்ணியைத் திருப்புது. மேலே நம்ம ஆளு நாற்காலி போட்டு, குடை நிழல்ல உட்கார்ந்து அருவியைப் பார்க்கிறார். சாயங்காலம் இன்ஜினியர் வந்து, ஐயா பார்த்தாச்சுன்னா அடைச்சிடலாமான்னு கேட்டார்.

சென்னியப்பன் முதல் தடவையா வாயைத் திறந்தார். "இன்னும் கண்ணு நிறையலீங்க."

மாளிகையிலேயே சாப்பிட்டு, ராத்திரி தங்கினார். காலையில மறுபடியும் நாற்காலி, மறுபடியும் அருவி. கீழே எல்லாக் காடும் நனைஞ்சிடுச்சு. தெய்வாத்தாள் காடு ஒண்ணுதான் பாக்கி. தண்ணி அவங்க வரப்புக்கு வந்துக்கிட்டிருக்கு...

அப்பத்தான் சென்னியப்பன் ஒண்ணைப் பார்த்துட்டார். அருவி விழுற இடத்துல ஓரமா ஒரு உடைப்பு. பாதித் தண்ணி அதுல நழுவி, யாருக்கும் உதவாத ஒரு கல்லுக்குழிக்குப் போகுது. பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பினார். முடியலை. வானத்தைப் பார்த்தார். முடியலை. எழுந்தார். வேட்டியை மடிச்சுக் கட்டினார். இறங்கி, கல்லைப் புரட்டிப் போட்டு, மண்ணை அள்ளி அப்பி, காலால மிதிச்சு அடைச்சார். நிமிர்ந்து பார்த்தா... டீயோட இன்ஜினியர் நிக்கிறார்.

இன்ஜினியர் மரியாதையானவர்னு சொன்னேனே? மெதுவாத்தான் கேட்டார். "நீ மூங்கில்பதிதானே?"

மதகு விழுந்தது. தெய்வாத்தாள் வரப்பு வரைக்கும் வந்த தண்ணி அங்கேயே நின்னு, அங்கேயே மண்ணுக்குள்ள போயிடுச்சு. அந்தம்மா அண்ணனைக் கேட்டாங்க: "ஏண்ணா, குழிக்குப் போனாப் போகட்டும்னு கம்முனு இருந்திருக்கக் கூடாதா?"

"எப்படி அம்மிணி இருக்கிறது? கண்ணு முன்னால வீணாப் போவுது."

தெய்வாத்தாள் அடுத்த வாரம் கருகின கொடியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டாங்க.

இப்போ நான் உங்களைக் கேட்கிறேன். சென்னியப்பன் எதுல மாட்டினார்? பொய்யா வேஷம் போட்டாரே, அதுலயா? இல்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தின்னாரே, அதுலயா? அதுவும் இல்லை. தண்ணி வீணாப் போகாம அடைச்சார் பாருங்க... அதுல மாட்டினார். தண்ணியை வீணாக்கிற வரைக்கும் அவர் ஐயா. காப்பாத்தின உடனே 'நீ'. தண்ணி மேல அக்கறை இருக்கிறவன்தான் இந்த நாட்டுல திருடன்னு தெரிஞ்சுக்குங்க.

சிரிக்கிறீங்க. நல்லாச் சிரிங்க. நம்ம வாய்க்கால்ல இன்னைக்குக் காலையில தண்ணி வந்ததே, எதுக்கு வந்தது? நம்ம பயிர் காயுதுன்னா? நாளைக்கு அதிகாரிங்க பார்க்க வர்றாங்க, அதுக்கு வந்தது. அவங்க கார் கிளம்பினதும் என்ன ஆகும்? உங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் நம்ம சங்கத்துக்காரங்க சால்வை வாங்கி வெச்சிருக்காங்க. பணிவாப் பேசணும், பெரியவர் நீங்கதான் போர்த்தணும்னு என்கிட்ட வந்து சொன்னாங்க.

நான் போர்த்த மாட்டேன். என் பேர்ல மேடையில நாற்காலியும் போட வேண்டாம். நாளைக்கு நான் நம்ம மதகுப் பலகை மேலதான் உட்கார்ந்திருப்பேன். மூடணும்னா, என்னைத் தூக்கிட்டு மூடட்டும். ஒரு கிழவனைத் தூக்குறது சுலபம்... பக்கத்துல நீங்களும் உட்கார்ந்திருந்தா?