சுவரில் வந்த கிளேவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் அவர்களே, ஊர்த்தலைவர் அவர்களே, கணவரை இழந்து அழுது ஓய்ந்த எர்லிண்டா அம்மா அவர்களே, கன்யார் மலையேறி வந்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என்ன பேசுவது? நம் ஊர்மன்றச் செயலாளர் எலிசேயோ குவாமான் பெட்டிக்குள் இருக்கிறார். மன்றத்தில் அவரோடு பொருளாளராக இருந்த பள்ளிக்கூட டீச்சர் எனக்கு இன்னும் அழுகைகூட வரவில்லை. அவருடைய மகன் கிளேவர் நியூயார்க்கில் செல்பேசியைப் பிடித்தபடி காத்திருக்கிறான். விசா இல்லாமல் போனவன். இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. பெட்டியை மூடுவதற்குள் அவன் அப்பாவைப் பார்த்தாக வேண்டும். அவன் முகம் தெரிய வேண்டிய சுவரிலோ வெறும் நீலம்தான் தெரிகிறது. பின்னால் இரண்டு பேர் ப்ரொஜெக்டரோடு மல்லுக்கட்டுகிறார்கள். அது சரியாகும்வரை பேசு என்றார் பாதிரியார். பேசுகிறேன்.

நம் ஊரில் யார் வீட்டுப் பிள்ளை வடக்கே போகவில்லை? எந்தக் கல்யாணம், எந்தச் சாவு இந்தச் சுவர் இல்லாமல் நடந்தது? அத்தனைக்கும் கேமராவையும் ப்ரொஜெக்டரையும் இணைத்தவர் எலிசேயோ அல்லவா! சுவரில் தெரிந்த மாப்பிள்ளையோடு மணப்பெண் ஆடியதை நாம் பார்க்கவில்லையா?

எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்று புளுக மாட்டேன். பெனிக்னோ இறந்தபோது கேபிளை மாற்றிச் செருகி, முந்தின வாரத்துக் கல்யாண ஆட்டத்தை ஓடவிட்டார். பாதிரியார் தலையில் அடித்துக்கொண்டார். பெனிக்னோவின் மனைவிதான், "விடுங்க சாமி, அவரும் அதுல ஆடுறாரு. பாத்துட்டுத் தூக்கலாம்" என்றார். பாட்டு முடியும்வரை எல்லோரும் நின்று பார்த்தோம்.

இதோ, படம் வந்துவிட்டது. கிளேவர்தான். கட்டட வேலைச் சட்டையோடு நிற்கிறான். கையசைத்தது போதும், கொஞ்சம் அமைதியாக இருங்கள். அவன் ஏதோ சொல்கிறான்.

"டீச்சர், உங்க எல்லாரையும் தெரியுது. அப்பாவத்தான் காணோம்."

கேட்டீர்களா? கேமராவை நம் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். அவனை நாம் பார்க்க வேண்டும் என்றே தவித்தோம். அவன் யாரைப் பார்க்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

சபை அறியச் சொல்கிறேன்: எலிசேயோ செய்த இந்த வேலையை இனி நான் செய்வேன். தெரியாததைக் கற்றுக்கொள்வேன். இப்போது வழி விடுங்கள், கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். பாதிரியார் அவர்களே, அந்தப் பூக்களைக் கொஞ்சம் விலக்குங்கள்.

கிளேவர், தம்பி, இதோ அப்பா. நல்லாப் பாத்துக்கோ. நீ போதும்னு சொல்ற வரைக்கும் யாரும் பெட்டிய மூட மாட்டாங்க.