மாத்திரைக்குப் பதில் காந்தாரி

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை போகிற பஸ். முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மீன்காரி, பாத்திரம் காலி. படியருகே கண்டக்டர். பின்னால் நான்.

புருஷன் சொன்னார்: "மூணு மாசமா கொலஸ்ட்ரால் மாத்திரைய நான் தொடல்ல. தெனம் ஏழு காந்தாரி மொளவு, அந்தக் குட்டி மொளகா. அதாக்கும் மருந்து."

ரத்தம் பார்த்த லேபில் கொடுத்த கவர் ஒட்டினபடியே அவர் மடியில் இருந்தது.

"கொறஞ்சிருந்தா மாத்திரைய தூரக் களஞ்சிருவேன். இவ பின்ன ஒண்ணும் பறயப்பிடாது."

"கூடியிருந்தா?" என்றாள் பெண்டாட்டி.

"கூடியிருந்தா நீ தாறத முழுங்குதேன்."

மீன்காரி கேட்டாள்: "காந்தாரிய வெறுமனயா அண்ணா கடிப்பிய?"

"வெறுமன எப்பிடி மக்கா கடிக்க? நாக்கு வெந்துபோவும். உப்பும் சின்ன உள்ளியும் வச்சுச் சதச்சு, தேங்காயெண்ண விட்டு, மரச்சீனிக் கெழங்குக்குத் தொட்டுத் திங்குதேன்."

"கெழங்கு மட்டும் சொல்லுதாரு. மாட்டெறச்சி பொரிச்சதும் உண்டு. எரிவு அடங்கணும்னு ரெண்டாமதும் வாங்குவாரு," என்றாள் பெண்டாட்டி.

"எரிஞ்சா பின்ன என்ன செய்ய?"

கண்டக்டர் சிரித்தார். "கவரப் பொட்டிச்சுப் பாரும் சேட்டா."

புருஷன் கை வைக்கவில்லை. பெண்டாட்டிதான் கிழித்தாள்.

"போன தடவ எவ்வளவு அக்கா?" என்றாள் மீன்காரி.

"இருநூத்திப் பத்து."

"இப்பம்?"

பெண்டாட்டி தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு, மெதுவாக வாசித்தார்.

"இருநூத்தி அறுபத்தி நாலு."