பெரிய சாலையில் நின்ற வண்டி

தே ஓ போதும், சார், வெறும் தேநீர். பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

சர்க்கரை வியாதியில் என் கணவர் பிரான்க்ளினுக்கு வலது கால் போனது. அதன் பிறகு குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் நான்தான். மனதில் எது ஓடினாலும் முதலில் என்னிடம்தான் சொல்வார். கஷ்டகாலம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகன் ரையன் ஒரு பேட்டரி ஸ்கூட்டரை அனுப்பிவைத்தான். நாலு சக்கரம், கால் இல்லாதவரும் ஓட்டலாம். பிரான்க்ளின் குருபோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பைத் தாண்டி, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோப்பிக்கடைக்குத் தனியாகப் போக ஆரம்பித்தார். திரும்பும்போது முகத்தில் சிரிப்பு மிச்சமிருக்கும். "யாரோட பேசிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டால், "சும்மாதான் லா" என்பார்.

ஒரு நாள் வண்டி வழியில் நின்றுவிட்டது. போன் செய்தார். "கேத்லீன், கொஞ்சம் வர்றியா?"

ஓடினேன். கரண்ட் போனால் அந்த வண்டியில் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பின்னால் ஒரு பிடியைத் திருப்பினால்தான் தள்ள முடியும். உட்கார்ந்திருப்பவருக்கு அது எட்டாது. வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் என்னோடு பேசிக்கொண்டே வந்தார்.

ரிப்பேர்கடை கணேஸ்வரன் வந்து சீட்டைத் தூக்கினான். பேட்டரி முனையில் ஒரு நட்டைக் காட்டினான். "இது லூஸு, ஆன்ட்டி. நல்ல ரோட்டுல ஓடும். குழியில ஆடுச்சின்னா கட் ஆயிடும்." இறுக்கிவிட்டுப் போனான். எந்த ஸ்பேனர் என்று நான் பார்த்துவைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வண்டி அவ்வப்போது நின்றது. தினமும் இல்லை. தினமும் நின்றால் வேறு வண்டி வாங்கிவிடுவார்கள்.

கணேஸ்வரன் பேட்டரியை மாற்றினான். வயரை மாற்றினான். கடைக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தான். "என்கிட்ட ஓடுது, அங்கிள். உங்க வீட்டுக்கு வந்தாதான் நிக்குது," என்றான். என்னைப் பார்க்காமலேதான் சொன்னான். நட்டின் மேல் கறுப்பு டேப் சுற்றினான்.

அன்று சாப்பிடும்போது பிரான்க்ளின் கேட்டார்: "அந்த சீட்டை நீ தூக்குனியா?"

"அதுல எனக்கு என்னங்க தெரியும்?"

அவர் சோற்றைப் பிசையவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து வண்டியைத் தன் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார். ஆனால் அதற்குள் அவரே குளிக்க ஆரம்பித்திருந்தார், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு. அந்த நேரம் எனக்குப் போதுமாக இருந்தது. கறுப்பு டேப் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பெரிய சாலையின் நடுவில் தார் பெயர்ந்திருப்பது எனக்குத் தெரியும். அங்கேதான் நின்றது. போன் அடித்தது. அவர் பெயரைப் பார்த்தேன். உடனே எடுக்கவில்லை. அவர் என்னைக் கூப்பிடுவதைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருக்க ஆசையாக இருந்தது. எடுத்தபோது லாரி ஹார்ன்தான் கேட்டது.

லாரிக்காரர் மேல் தப்பில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்த்தியது நான். கொல்ல நினைக்கவில்லை, சார். கொல்லவும் இல்லையே. கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சு வரவில்லை. மற்றபடி நன்றாக இருக்கிறார். பழையபடி எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ரையனிடம் சொல்லிவிட்டேன்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டதும் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பகல் கஞ்சி ஊட்ட வேண்டும். நர்ஸ் ஊட்டினால் சாப்பிடுகிறார், நான் கரண்டியை நீட்டினால் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று அங்கே சொல்வார்கள். நம்பாதீர்கள். நான் உட்காரும் பக்கம் ஜன்னல் இருக்கிறது. வெளிச்சம் அவருக்குக் கூசுகிறது.