மர்டாக் ஏரிக்கு மணியோசை போதும்

நடுவில் அமர்ந்து நம் எல்லோர் வாயையும் அடக்கி ஆளும் பாசனச் சங்கத் தலைவர் ஆர்வில் டான்சி அவர்களே! சுருட்டிய வரைபடத்தோடு வந்திருக்கும் பொறியாளர் ஐயா அவர்களே! புல் விளைத்துப் பிழைக்கும் பிட்டர்ரூட் பள்ளத்தாக்குப் பெரியோர்களே! ஆப்பிள் பை சுட்டு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! கடைசி வரிசையில் என்னைக் கேலி பண்ணக் காத்திருக்கும் க்ளெட்டஸ் தம்பியே! உனக்கும் வணக்கம்!

மலைமேல் மர்டாக் ஏரியின் அணை கசிகிறது. மதகின் இரும்புப் பலகை துருப்பிடித்துவிட்டது. திருத்தாவிட்டால் நம் வயல் காயும். என் வயலும்தான் காயும். அதற்காக, மோட்டாரே நுழையக் கூடாது என்று சட்டம் காக்கும் காட்டுக்குள், பதினோரு மைல் பாதையை இடித்து அகலமாக்கி மண்வெட்டும் இயந்திரத்தை ஏற்றுவதா? இன்றைய வாக்கு அதற்குத்தான்!

என்ன தம்பி? "ஒரே ஒரு தடவைதானே அக்கா"வா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே மண்டபத்தில், ஆட்டர் ஏரிக்கு இதே 'ஒரே ஒரு தடவை'க்கு முதல் கை தூக்கியது யார்? நான்! இயந்திரம் இறங்கிவிட்டது. அது போட்ட தடம் இறங்கியதா? இறங்கவே இல்லையே!

போன செப்டம்பரில் சுமை ஏற்றிய பதினாலு கோவேறு கழுதைகளோடு அந்தத் தடத்தில் போனேன். என் கழுதைகளுக்குக் கயிறு எதற்கு? கிழட்டுக் குதிரை டோராவின் கழுத்து மணி கேட்டால் போதும், பின்னாலேயே வரும். வளைவில் இரண்டு மோட்டார் பைக்குகள் உறுமின. மணி கேட்கவில்லை. அத்தனையும் சிதறின. பதிமூன்றைத் தேடிப் பிடிக்க மூன்று நாள். பதினாலாவது, என் பியூலா, பாறைக்குக் கீழே கால் ஒடிந்து கிடந்தது. துப்பாக்கியை நான்தான் எடுத்தேன்.

பைக்கில் வந்தவர் சொன்னார்: "ரோடு இருந்துச்சும்மா, வந்தோம்."

அவரை எப்படித் திட்டுவேன்? ரோடு போட்டது இந்தக் கையல்லவா?

பொறியாளர் ஐயா, பலகை அறுநூறு பவுண்டு, கழுதை சுமக்காது என்றீர்கள். எட்டாக அறுங்கள்! பக்கத்துக்கு ஒன்றாக நாலு கழுதை சுமக்கும். மேலே வைத்துத் திருகாணி போடுங்கள். முடியுமா, முடியாதா?

"முடியும்மா. ஆனா ஒரு கோடை தாமதமாகும்."

கேட்டீர்களா? முடியுமாம்! காயப்போவது ஒரு கோடை. அந்தக் கோடையில் முதலில் என் வயல் காயட்டும்! க்ளெட்டஸ், உனக்கு மாடு நிறைய. ஆகஸ்டில் என் தண்ணீர் முறையை நீ எடுத்துக்கொள்.

ஏன் எழுந்துவிட்டாய்?

"உன் தண்ணி ஒண்ணும் எனக்கு வேணாம், அக்கா. கழுதை எத்தனை மணிக்குக் கிளம்புது, அதைச் சொல்லு. ஆனா டோரா பின்னாடிதான் நான் நடப்பேன், உன் பின்னாடி இல்ல."

பலகை அறுபட்ட மறுநாள் ஐந்து மணிக்குத் தம்பி, விடியும் முன்னே!

தலைவர் அவர்களே, வாக்கெடுங்கள். இயந்திரம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள். அன்று முதலில் தூக்கிய இதே கை, இன்றும் முதலில் தூக்குகிறது.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், வெளியே கட்டி வைத்திருக்கும் என் டோராவுக்கும் நன்றி. வணக்கம்!